உப்புக் குறைவு

மில்லி என்ற பழுப்பு நிறப் பெண் நாயைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி குணலட்சுமி உள்ளே ஓடி வந்தபோது, அச்சுவேலியில் தனியாக ஒரு சின்ன மிருக மருத்துவமனை நடத்திவந்த டொக்டர் உதயகலா அங்கேயே வளரும் பூனையின் காதைத் துப்புரவு செய்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருடங்களுக்கு முன்பு யாழ்ப்பாண நகரத்தில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவளுடைய கன்னத்தில் அறைந்த மனுசி இவள்தான்.

குணலட்சுமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்றைக்கு உதயகலா சத்திரசிகிச்சைத் தொப்பியோடு நின்றவள். இன்றைக்கு முகக்கவசம் போட்டிருந்தாள். தவிரவும், உயிர் போய்க்கொண்டிருக்கும் நாயைக் கையில் வைத்திருப்பவர்கள் வைத்தியரின் முகத்தையா பார்ப்பார்கள்?

“டொக்டர், கெதியாப் பாருங்கோ. நீர்வேலியிலையிருந்து வாறன். கோபிசங்கர் டொக்டரிட்டைத்தான் நாங்கள் எப்பவும் காட்டுறது. அவர் கொழும்புக்குப் போட்டார். நீங்கள்தான் பக்கத்திலை எண்டு சொல்லிச்சினம்.”

கோபிசங்கர். அந்தப் பெயரைக் கேட்டபடியே உதயகலா பூனையை இறக்கிவிட்டு மேசையைத் துடைத்தாள்.

படித்து முடித்த புதிதில் அவள் அவனுடைய தனியார் மருத்துவமனையில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். மனதுக்குள் ‘அவன்’ என்பது பிறகு வந்தது. அப்போது வாயிலும் மனதிலும் ‘சேர்’தான். குணலட்சுமி வீட்டு அல்சேஷன் ராணியைக் கர்ப்பப்பை எடுக்கக் கொண்டுவந்திருந்தார்கள். வயிற்றுத் தோலிலும் காதின் உட்புறத்திலும் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் இருப்பதை உதயகலா கண்டாள். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், இரத்தம் உறையாது, தட்டணுக்களை எண்ணிப் பார்க்காமல் கத்தி வைக்க வேண்டாம் என்றாள். “நீர் புத்தகத்தை வைச்சுக்கொண்டு பயப்பிடுறீர்” என்று சொல்லிவிட்டு அவன் வெட்டினான். ராணியின் இரத்தம் நிற்கவேயில்லை. உள்ளே கையை விட்டு, முழங்கை வரை சிவப்பாக, கடைசி மூச்சு வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றவள் உதயகலா. கோபிசங்கர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வெளியே போய், “உதயாதான் ஒப்பரேசன் செய்தவ. நான் வேறை நோயாளியோடை நிண்டிட்டன்” என்றான். அவள் இரத்தக் கையோடு வெளியே வந்தாள். அறை விழுந்தது. அவன் பார்த்துக்கொண்டு நின்றான். 

அதோடு முடிந்ததா? அன்று பின்னேரமே குணலட்சுமி முகநூலில் அவளுடைய படத்தைப் போட்டு ‘நாய்க் கொலைகாரி’ என்று எழுதினாள். கொழும்பிலும் கனடாவிலும் இருந்தெல்லாம் ஆட்கள் வந்து திட்டினார்கள். பேசி முற்றாகியிருந்த கலியாணம் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. தகப்பன் நமசிவாயம் கொஞ்சக் காலம் சந்தைக்குப் போகிற பாதையையே மாற்றிக்கொண்டார். உதயகலா எவருக்கும் விளக்கம் சொல்லவில்லை. சொல்லுகிற நாள் ஒன்று வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

இப்போது மேசையில் மில்லி கிடந்தது. பல் முரசு வெளிறி, கால்கள் குளிர்ந்து, தொடையில் நாடி நூல் போல ஓடியது. இரத்த அழுத்தம் விழுந்த சரியான அதிர்ச்சி நிலை. உதயகலா மில்லியின் நெஞ்சில் காதுக்குழாயை வைத்தாள். வைத்தவள் எடுக்காமல் நின்றாள்.

இதயம் மெதுவாக அடித்தது. 

இந்த நிலையில் ஒரு நாயின் இதயம் குதிரை போல ஓடவேண்டும். இதுவோ கோயில் வீதியைச் சுற்றுகிற கிழவர் மாதிரி ஆறுதலாக நடந்தது.

“எவ்வளவு காலமா இப்பிடி?”

“ஒரு வருசமா வந்து வந்து போகுது. வயிறு பிரட்டிச் சத்தி எடுக்கும், நடுங்கும், சாப்பிடாது. கோபி டொக்டர் ஒரு ஊசி போட்டால் அடுத்த நாளே துள்ளி எழும்பும். அவருக்குக் கைராசி. பிறகு ஒரு மாசத்தாலை திரும்ப விழும்.”

இதய வரைபடக் கருவியின் கம்பிகளைக் காலில் கொளுவினாள். வழமையான சின்ன மேடுகள் காணாமல் போய், கூடாரம் போன்ற கூர்மையான மேடுகள் மட்டும் தாளில் ஊர்ந்தன. இதயத்தை மெதுவாக்கும் பொட்டாசியம் இரத்தத்தில் ஏறிக் கிடக்கிறது. இரத்தத்தை எடுத்துப் பக்கத்துப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பினாள். இன்னொரு குழாயில் கொஞ்சம் எடுத்து, ஹோர்மோன் பார்க்கக் கொழும்புக்கு என்று ஒதுக்கி வைத்தாள்; மருந்து ஏறினால் அந்தக் கணக்குப் பிழைக்கும் என்பதால் அதை எடுத்த பிறகுதான் ஸ்டீரொயிட் ஊசியைத் தொட்டாள். சேலைனை வேகமாக ஓடவிட்டாள். இதயம் நின்றுவிடாமல் இருக்கக் கல்சியத்தை, வரைபடத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக ஏற்றினாள். பிறகு குளுக்கோஸ். மருந்து முறை பிசகவில்லை. மில்லியில் அவளுக்கு என்ன கோபம்?

மத்தியானத்துக்கு முன்பே மில்லி தலையைத் தூக்கிற்று. குணலட்சுமி அதன் காதில் முகத்தை வைத்து அழுதாள்.

பரிசோதனை முடிவு வந்தது. சோடியம் கீழே, பொட்டாசியம் மேலே. உதயகலா நினைத்ததுதான்: அடிசன் நோய். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் பயறு அளவான சுரப்பி செத்துப்போய், உடம்பின் உப்புக் கணக்கைப் பார்க்க ஆள் இல்லாத நிலை. கோபிசங்கரின் ஊசியும் ஸ்டீரொயிட்தான்; அது, சுரப்பி சுரக்கவேண்டியதில் ஒரு பங்கைக் கொடுத்து நாயை எழுப்பியிருக்கிறது. அவன் அதைத் தன் கைராசி என்று நம்பி வருடம் முழுவதும் பெயர் எடுத்திருக்கிறான்.

“என்ன வருத்தம் டொக்டர்?” என்று குணலட்சுமி கேட்டாள். “கோபி டொக்டர் சனிக்கிழமை வந்திடுவார். அவருக்குச் சொல்லவேணும்.”

உதயகலா வாயைத் திறந்தாள். நோயின் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால், குணலட்சுமி அதைப் பத்திரமாகக் கொண்டுபோய் அவனிடம் கொடுப்பாள். அவன் அன்று பின்னேரமே, தானே கண்டுபிடித்ததாக ஊருக்குச் சொல்லுவான். இரண்டு வாரத்தில் வடமாகாண மிருக வைத்தியர்களின் கூட்டம். சிறு பிராணிகள் சிகிச்சையில் நடைமுறைக் குறிப்புகள் பற்றிப் பேச மூத்த வைத்தியர் இராசநாயகம் அவளைக் கூப்பிட்டிருந்தார். அந்த அமர்வுக்குத் தலைமை, கோபிசங்கர்.

“உப்புக் குறைவு” என்றாள் உதயகலா.

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான். இந்த ரெண்டு குளிசையையும் ஒவ்வொரு நாளும் குடுங்கோ. ஆர் சொன்னாலும் நிப்பாட்டக் கூடாது.”

குளிசைகளைப் பெயர் எழுதாத கடதாசி உறைகளில் போட்டுக் கொடுத்தாள். கொழும்பு முடிவும் சில நாளில் வந்தது, சுரப்பி செத்ததுதான். குணலட்சுமியின் தொலைபேசி இலக்கம் அவளிடம் இருந்தது. எடுக்கவில்லை. இரவிரவாக இருந்து பேச்சைத் தயாரித்தாள். ஒவ்வொரு வரியையும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். எந்த வரியில் அவன் முகம் எப்படிப் போகும் என்று நினைக்க நினைக்க நித்திரை வரவில்லை. அந்த விழிப்பு நன்றாகத்தான் இருந்தது.

கூட்டம் ஒரு வியாழக்கிழமை, நகரத்து விடுதி ஒன்றில். வன்னியிலிருந்தும் மன்னாரிலிருந்தும்கூட வைத்தியர்கள் வந்திருந்தார்கள். மேடையில் தலைமைக் கதிரையில் கோபிசங்கர், தொலைபேசியைச் சத்தம் நிறுத்திக் கவிழ்த்து வைத்துவிட்டு, சிரித்தபடி ஒலிவாங்கியைப் பிடித்தான்.

“அடுத்ததா டொக்டர் உதயகலா. என்னட்டை வேலை பழகினவ. தொடக்கத்திலை சில சறுக்கல்கள் இருந்தாலும் இப்ப அச்சுவேலியிலை நல்லாச் செய்யிறா.”

சபையில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உதயகலா நன்றி சொல்லிவிட்டுத் தொடங்கினாள்.

“நான் ஒரேயொரு நோயாளியைப் பற்றித்தான் கதைக்கப்போறன். நாலு வயசுப் பெண் நாய். முதல் குறிப்பு இதுதான். அதிர்ச்சியிலை கிடக்கிற நாயின்ரை இதயம் ஓடவேணும். ஓடாமல் நடந்தால், நில்லுங்கோ, யோசியுங்கோ. குழாயை நெஞ்சிலை வைச்சுக் கேட்டாலே போதும். இந்த நாயைப் போன வருசம் முழுக்கப் பாத்த டொக்டர் குழாயை வைச்சவரோ தெரியாது.”

மெல்லிய சிரிப்பு ஒன்று பரவியது. கோபிசங்கரும் சிரித்தான்.

“ரெண்டாவது. ஸ்டீரொயிட் ஊசி போட்டவுடனை ஒரு நாய் எழும்பினால், சுகமாப் போச்சு எண்டு வீட்டுக்கு அனுப்பாதேங்கோ. ஏன் எழும்பினது எண்டு கேளுங்கோ. இதுக்கு மாசம் ஒரு ஊசி போட்டிருக்கு. ஒருக்காலும் இரத்தம் எடுக்கேல்லை. எடுத்திருந்தால் அடிசன், சுரப்பி செத்திட்டுது எண்டு தெரிஞ்சிருக்கும். எழும்பினதைப் பாத்துச் சனம் கைராசி எண்டு சொல்லிச்சினம். டொக்டரும் அதை நம்பினார்.”

இப்போது சிரித்தது சபை மட்டும்தான். கோபிசங்கர் முன்னால் சரிந்தான். கெட்டிக்காரன், யாரைச் சொல்கிறாள் என்று பிடித்துவிட்டான். எந்த நாய் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. 

“தலைவர் எண்ட முறையிலை ஒரு கேள்வி” என்றான். “தொடர்ந்து ஸ்டீரொயிட் குடுத்தாலே அந்தச் சுரப்பி நித்திரையாப் போகும். மருந்தாலை வந்த குறைபாட்டை நீர் பெரிய நோய் எண்டு காட்டுறீரோ?”

நல்ல கேள்வி. முன் வரிசையில் இராசநாயகம்கூடத் தலையாட்டினார். உதயகலா இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள்.

“மருந்தாலை வந்தால் கோர்ட்டிசோல் குறையும், சேர். ஆனா உப்புக் குழம்பாது. அதைப் பாக்கிற ஹோர்மோனை ஊசி தொடுறதில்லை. இதிலை ரெண்டும் குழம்பியிருக்கு. சோடியத்தைப் பொட்டாசியத்தாலை பிரிச்சுப் பாருங்கோ. இருபத்தேழுக்குக் கீழை போனால் சந்தேகப்படவேணும். சாட்டைப்புழுவும் சிறுநீரகமும் அப்பிடிக் காட்டும் எண்டு மலமும் சலமும் பாத்தனான். ரெண்டும் சுத்தம். வீட்டுக்காரருக்கு விளங்கிற மாதிரி, உப்புக் குறைவு எண்டு சொல்லி விட்டனான்.”

திரையில் அடுத்த படம் வந்தது. பழுப்பு நிறத் தலை, நெற்றியில் வெள்ளைக் கோடு. மில்லி.

கோபிசங்கரின் முகத்திலிருந்து இரத்தம் இறங்கியதை உதயகலா கண்ணாரக் கண்டாள். மூன்று வருடமாகப் பசித்துக் கிடந்த ஒன்று அவளுக்குள் எழுந்து உட்கார்ந்தது. அவள் குரலை இன்னும் ஆறுதலாக்கினாள்.

“கடைசிக் குறிப்பு. இந்தக் குளிசைகளைச் சாகும் வரைக்கும் குடுக்கவேணும். நிப்பாட்டவே கூடாது.”

அவன் எழும்பிவிட்டான். கையில் தொலைபேசி. வெளியே போகப் பார்க்கிறான் என்று தெரிந்தது.

“இருங்கோ சேர். இன்னும் முடியேல்லை.”

அவன் நின்றான். ஒலிவாங்கியை மறந்து, வெறும் வாயால் கேட்டான். ஆனால் மண்டபம் முழுவதும் கேட்டது.

“நிப்பாட்டினால்... எத்தனை நாளிலை விழும்?”

இராசநாயகம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எப்ப நிப்பாட்டினது?” என்று உதயகலா கேட்டாள்.

“திங்கட்கிழமை.”

“கோபி,” என்றார் இராசநாயகம் முன் வரிசையிலிருந்து, “அந்த டொக்டர் நீரோ?”

அவன் தலையைக் குனிந்து தொலைபேசியைப் பார்த்தான். அதுவே போதுமான பதிலாக இருந்தது. உதயகலா அந்த அமைதியை ஒரு மிடறு குடித்தாள். இன்னொரு மிடறும் குடித்தாள். அதற்குப் பிறகுதான், திங்கட்கிழமை என்ற சொல் அவளுக்குள் இறங்கியது. செவ்வாய், புதன், வியாழன். 

“போனை எடுத்துக் கேளுங்கோ!” என்று கத்தினாள்.

அவனுடைய தொலைபேசியில் குணலட்சுமியின் தவறிய அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. எடுத்தபோது மறுமுனையில் அழுகைதான் கேட்டது. காலையிலிருந்து மில்லி எழும்பவில்லையாம்.

உதயகலாவின் காரில் அவசர மருந்துப் பெட்டி எப்போதும் இருக்கும். அவள் ஏறினாள். கேட்காமலே அவன் மற்றப் பக்கத்தால் ஏறினான். இருபாலை கடந்து கார் கோப்பாய்க்கு வந்தது. 

“வெள்ளைக் குளிசை, பேரில்லை” என்றான் அவன், வீதியைப் பார்த்தபடி. “உப்புக் குறைவாம் எண்டு அந்த மனுசி சொன்னா. குளிசையை விட்டிட்டுச் சோத்திலை உப்பைப் போடுங்கோ எண்டு சொல்லிப்போட்டன். நீர் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்.”

“அச்சுவேலிப் பொம்பிளை டொக்டர் ஆர் எண்டு உங்களுக்குத் தெரியும். நீங்கள் கேட்டிருக்கலாம்.”

நீர்வேலியில், வாழைத்தோட்டத்துக்குப் பக்கத்து வீட்டில், விறாந்தைச் சீமெந்தில் மில்லி நீட்டிக் கிடந்தது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டு காரிலிருந்து இறங்கிய உதயகலா முழந்தாளிட்டு இரத்த நாளத்தைத் தேடினாள். இரத்த அழுத்தம் இறங்கி நாளம் ஒட்டிப்போயிருந்தது. மூன்றாவது முறைதான் ஊசி ஏறியது. 

“சேலைனை உயர்த்திப் பிடியுங்கோ. இன்னும் உயர்த்தி” என்றாள். கோபிசங்கர் பிடித்தான். “கல்சியம் நான் ஏத்திறன். நீங்கள் நெஞ்சிலை குழாயை வையுங்கோ. இப்பவாவது வையுங்கோ.”

அவன் வைத்தான். “நாப்பது” என்றான் ஈனக் குரலில். 

சேலைன் போத்தல் ஒன்று முடிந்து இரண்டாவது ஓடியது. ஐம்பது என்றான். வெகுநேரம் கழித்து எழுபது என்றான். மில்லியின் பின்னங்கால் ஒருமுறை இழுத்துக்கொண்டது. அவன் கை வலித்தது. மாற்றிப் பிடிக்கப் பார்த்தவனை உதயகலா விடவில்லை.

“அப்பிடியே பிடியுங்கோ. இனி இந்த அம்மாவுக்குச் சொல்லுங்கோ. ராணியை வெட்டினது ஆர்?”

குணலட்சுமி திகைத்துப்போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உதயகலா முகக்கவசத்தைக் கழற்றினாள். குணலட்சுமியின் கை வாய்க்குப் போனது.

“நீ... நீங்கள் அந்தப் பிள்ளை.”

“சொல்லுங்கோ சேர்.”

அவனுக்குப் போக இடமில்லை. போத்தலைக் கீழே வைத்தால் நாய் செத்துவிடும். மண்டபத்தில் நடந்தது இதற்குள் தீபகற்பம் முழுக்கப் போயிருக்கும். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “நான்தான் வெட்டினனான். வேண்டாம் எண்டு இவ சொன்னவ. கேக்கேல்லை. பிறகு பயத்திலை இவவின்ரை தலையிலை போட்டன்.”

குணலட்சுமி மில்லிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உதயகலா நிமிர்ந்தாள். இந்த நிமிடத்தை எத்தனை தரம் கற்பனை செய்திருப்பாள்! அது வந்து முன்னால் நின்றது. ஒன்றும் குறையவில்லை, அவ்வளவு இனிப்பாகவே இருந்தது.

அப்போது கோபிசங்கர் தலையைத் தூக்கினான்.

“நான் செய்ததுக்கு நான் சொல்லிப்போட்டன். நீரும் சொல்லும். உமக்கு அண்டைக்கே நோயின்ரை பேர் தெரியும். ஏன் இவவுக்குச் சொல்லேல்லை? மேடைக்கு வைச்சிருந்தனீர். அந்தப் பேரை நான் கேட்டிருந்தால், நான் எவ்வளவு பெரிய கழுதையா இருந்தாலும் குளிசையை நிப்பாட்டியிருக்க மாட்டன்.”

குணலட்சுமி உதயகலாவைப் பார்த்தாள்.

“உண்மையோ டொக்டர்? தெரிஞ்சுகொண்டோ சொல்லாமல் விட்டனீங்கள்?”

“ஓம்” என்றாள் உதயகலா. “தெரியும். சொல்லேல்லை.”

குனிந்து, சேலைன் சொட்டும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள்.

பொழுது சாயும்போது மில்லி எழும்பி நின்று, தள்ளாடி, அங்கேயே சலம் போனது. சிறுநீரகம் வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட வேறு நற்செய்தி வேண்டாம். உதயகலா இம்முறை உறைகளில் மருந்தின் பெயரையும் நோயின் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். கோபிசங்கரை ஏற்றிப்போக ஓட்டோ ஒன்று வந்தது. அவன் போகும்போது யாரும் அவனிடம் கதைக்கவில்லை.

மற்ற அலுவல்கள் எல்லாம் அவள் விரும்பியபடியே நடந்தன. இராசநாயகம் அவனைச் சங்கத்தின் பொறுப்புகளிலிருந்து விலகச் சொன்னார். குணலட்சுமி முகநூலில் நடந்ததை எழுதி, பழைய படத்தை எடுத்துவிட்டு, பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தாள். அதன் கீழே ஆட்கள் கோபிசங்கரைக் கிழித்ததை உதயகலா கட்டிலில் கிடந்து ஒன்றுவிடாமல் வாசித்தாள். சிலதை இரண்டாம் தரமும் வாசித்தாள். அவளைத் திட்டிய அதே ஆட்கள், அதே சொற்கள். தகப்பனுக்கும் வாசித்துக் காட்டினாள். நமசிவாயம் கேட்டுவிட்டு, “அந்த நாய் எப்பிடி இருக்குது?” என்றார்.

அடுத்த மாதம், மில்லியின் இரத்தத்தில் உப்புப் பார்க்கிற நாளில் குணலட்சுமி வந்தாள். மில்லி தானாகவே நடந்து வந்து, மேசைக்குக் கீழே பூனையைத் தேடியது. எடை கூடியிருந்தது. இதயம் ஒழுங்காக அடித்தது. குணலட்சுமி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இதைப் பாக்க இந்தப் பக்கத்திலை வேறை ஆக்கள் இல்லை எண்டபடியால் வந்தனான்” என்றாள். “அடிச்சதுக்கு நான் மன்னிப்புக் கேட்டிட்டன். ஆனா மில்லியை வைச்சு நீங்கள் செய்ததை நான் மன்னிக்கேல்லை, டொக்டர்.”

“நானும் உங்களை மன்னிக்கேல்லை” என்றாள் உதயகலா. ஊசியின் மூடியைக் கழற்றினாள். “முன்னங்காலைப் பிடியுங்கோ. இரத்தம் எடுக்கவேணும்.”